கறுவா எண்ணெய்: ஒரே மரம், வெவ்வேறு எண்ணெய்கள்



எண்ணெய் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருபவை தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயுமே. அவற்றைத் தலையில் தேய்க்கின்றோம், சட்டியில் ஊற்றுகின்றோம், பிறந்த குழந்தையின் உடலிலும் பூசுகின்றோம். அவற்றைப் பற்றி நமக்கு எவ்வித அச்சமும் கிடையாது. அறபு மொழியிலும் 'ஸைத்' என்ற ஒரே சொல்தான் ஒலிவ் எண்ணெய்க்கும், வாசனைத் திரவியங்களிலிருந்து வடித்தெடுக்கப்படும் எண்ணெய்க்கும் வழங்கி வருகின்றது. பெயர் ஒன்றாக இருப்பதனால் பொருளும் ஒன்றே என எண்ணி விடுகின்றோம். கறுவா எண்ணெய் விடயத்தில் இந்த எண்ணம் ஆபத்தானது. ஆகவேதான் இம்முறை நம் நாட்டு மண்ணில் விளைந்து, நம்மில் பலரது வீட்டு அலுமாரியிலும் இடம்பிடித்திருக்கும் அந்தச் சிறு போத்தலைப் பற்றி விளக்க முற்படுகின்றோம்.

முதலில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். நூறு கிலோ கறுவா இலையைக் காய்ச்சி வடித்தால் கிடைப்பது ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெய் மாத்திரமே. பட்டையிலிருந்து கிடைப்பதும் பெரும்பாலும் அதே அளவு அல்லது அதனிலும் குறைவு. அவ்வாறாயின் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் அரைக் கிலோ பட்டையின் சாரம் அடங்கியிருக்கின்றது. நமது உம்மாமார் ஒரு சட்டி இறைச்சிக் கறிக்கு இடும் பட்டை, விரல் நீளத் துண்டு ஒன்றுதான். கறியில் கறுவா உண்டு வளர்ந்தவர்கள் நாம், எனவே கறுவா எண்ணெய் நமக்கு என்ன செய்துவிடும் என்று கேட்போர் இந்த அளவை ஒருமுறை சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

கறுவா இலங்கைக்கே உரிய மரம். 1344ஆம் ஆண்டளவில் நம் நாட்டுக்கு வந்த இப்னு பதூதா, புத்தளக் கரையோரத்தில் வெள்ளத்தினால் அடித்து வரப்பட்ட கறுவாக் கட்டைகள் குன்றுபோல் குவிந்து கிடந்ததையும், மஃபர், மலபார் நாட்டு மக்கள் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்று பதிலுக்கு மன்னருக்குத் துணி முதலியவற்றை அன்பளிப்பாகக் கொடுத்ததையும் தமது பயண நூலில் பதிந்துள்ளார். அன்று காட்டில் வளர்ந்த மரத்தை 1760களில் ஒல்லாந்தர் தோட்டப் பயிராக்கினர். கொழும்பிலுள்ள கறுவாத் தோட்டம் என்ற பெயர் அக்காலத்தின் எச்சமே. இன்று காலி, மாத்தறை மாவட்டங்களே கறுவாவின் தலைநிலங்கள். 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பை வழங்கியது. அவ்வாறான பாதுகாப்பைப் பெற்ற முதலாவது இலங்கைப் பொருள் இதுவேயாகும்.

பெயர்களைப் பற்றிய ஒரு சிறு செய்தியையும் இங்கே சொல்ல விரும்புகின்றேன். அறபியில் கறுவாவுக்கு 'கிர்ஃபா' என்பர். தோலுரித்தல், பட்டை உரித்தல் என்ற கருத்துடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் கையாளும் சொல்லோ 'தாரஸீனீ' என்பதாகும். அது பாரசீகத்திலிருந்து வந்தது. சீனத்து மரம் என்பது அதன் பொருள். சீனாவில் விளையும் தடித்த பட்டையும் இலங்கையின் மெல்லிய பட்டையும் பெயரளவில் ஒன்றோடொன்று கலந்துபோனது இன்று நேற்றல்ல. சந்தையில் காசியா எனப்படுவது அந்தத் தடித்த பட்டையே. இன்றும் அறபு நாட்டுக் கடைவீதிகளில் கிர்ஃபா என்று கேட்டால் அநேகமாகக் கையில் கிடைப்பது அதுதான். உம்ராவுக்குச் சென்று திரும்புவோர் அன்போடு கொண்டுவந்து தரும் 'ஸைத்துல் கிர்ஃபா' போத்தல்களை இந்த அறிவோடு பார்ப்பது நல்லது. அவற்றுள் சில வடித்தெடுத்த தூய எண்ணெயாக இருக்கும். சில, வேறோர் எண்ணெயில் பட்டையை ஊறவைத்ததாக இருக்கும். இரண்டின் வீரியத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

இனி எண்ணெய் வடிக்கும் முறைக்கு வருவோம். தென்பகுதித் தோட்டங்களில் கிளைகளை வெட்டிப் பட்டையை உரித்தபின் இலைகளும் சிறு கொப்புகளும் எஞ்சுகின்றன. அவற்றைச் சில நாட்கள் வாட விட்டு, பெரிய கொள்கலனில் அடைத்து, அடியிலிருந்து நீராவியைச் செலுத்துவர். நீராவி இலையினுள் இருக்கும் வாசனைப் பொருளைத் தன்னோடு ஏந்திச் சென்று, குளிர்ந்த நீரில் அமிழ்த்தப்பட்ட குழாயினூடாகப் போகும்போது மீண்டும் நீராகின்றது. பால்போல் கலங்கிய அந்த நீரைத் தெளிய விட்டால் எண்ணெய் பிரிந்து அடியில் தங்கும். ஆம், அடியிலேதான்! கறுவா எண்ணெய் நீரைவிடக் கனமானது. இக்கலையில் முஸ்லிம் அறிஞருக்குப் பெரும் பங்குண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்கிந்தி வாசனைத் திரவியங்களின் இரசாயனத்தையும் வடிப்பு முறைகளையும் பற்றித் தனி நூலே எழுதினார். ஐரோப்பியர் பழைய வடிகலத்துக்கு வைத்த 'அலெம்பிக்' என்ற பெயரும் அறபியின் 'அல்அன்பீக்' என்பதிலிருந்து சென்றதே. நீராவியினால் வடிக்கப்படும் எண்ணெயில் மதுசாரம் சேர்க்கப்படுவதில்லை. எனினும், கேக் செய்வதற்காகக் கடையில் விற்கப்படும் 'எசன்ஸ்' இந்த எண்ணெய் அன்று. அது வேறொரு திரவத்தில் கரைத்த சுவையூட்டி. அத்திரவம் எதுவென்பதைச் சுட்டியில் வாசித்தே அறிய வேண்டும்.

இப்போது மிக முக்கியமான விடயத்துக்கு வந்துவிட்டோம். ஒரே கறுவா மரம் மூன்று வகையான எண்ணெய்களைத் தருகின்றது.

பட்டை எண்ணெயின் பெரும்பகுதி 'சின்னமல்டிஹைட்' என்ற பொருள். நமது நாட்டுப் பட்டை எண்ணெயில் ஏறத்தாழ 50 முதல் 75 வீதம் வரை அது இருக்கும். 1834இல் பிரான்சிய இரசாயனவியலாளர்களான டியூமாவும் பெலிகோவும் அதனை முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர். கறுவாவின் இனிய கார மணம் என்று நாம் அறிவது இதன் மணமே. இலை எண்ணெயோ முற்றிலும் வேறு. அதில் 70 முதல் 85 வீதம் வரை இருப்பது 'யூஜினோல்'. கராம்பு எண்ணெயின் பிரதான பொருளும் அதுவே. ஆகவே கறுவா இலை எண்ணெயை முகர்ந்தால் கறுவாவைவிடக் கராம்பின் மணமே மேலோங்கி நிற்கும். வேர்ப்பட்டையை வடித்தால் கிடைப்பதில் கற்பூரமே மிகுதி. அது சந்தைக்கு அரிதாகவே வருகின்றது என்பதால் அதனை விட்டுவிடுவோம்.

'கறுவா எண்ணெய்' என்று மாத்திரம் எழுதப்பட்ட போத்தல், உண்மையில் நமக்கு எதனையுமே சொல்லவில்லை. இலையா, பட்டையா? விலையில் இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. பட்டை எண்ணெயின் விலை இலை எண்ணெயைவிடப் பல மடங்கு. அந்த இடைவெளியில்தான் ஷைத்தான் புகுந்து கொள்கின்றான். பட்டை எண்ணெயில் இலை எண்ணெயைக் கலப்பதும், மலிவான காசியா எண்ணெயையோ செயற்கைச் சின்னமல்டிஹைட்டையோ சேர்ப்பதும் இவ்வியாபாரத்தின் நீண்டகால நோய்கள். ஆய்வுகூடத்தில் வாயு நிறப்பகுப்பு என்ற முறையினால் அதனைக் கண்டுபிடிக்கலாம். வீட்டில் அது இயலாது. ஆயினும் தேங்காய் எண்ணெய் போன்றவற்றைக் கலந்திருந்தால் ஓரளவு அறிய முடியும். ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் இட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். வடித்த எண்ணெய் பெரும்பாலும் ஆவியாகிவிடும். சமையல் எண்ணெய் கலந்திருந்தால் ஒளி ஊடுருவும் எண்ணெய்க் கறை அப்படியே நிலைத்திருக்கும். நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் சில துளிகளை விட்டும் பார்க்கலாம். பெரும்பகுதி தேங்காய் எண்ணெயாக இருப்பின் அது மிதக்கும்.

இணையத்தினூடாகச் சிறு போத்தல்களில் அடைத்து விற்கும் இளைஞர்கள் இன்று நம் ஊர்களில் பலர் உள்ளனர். உழைத்து உண்ண விரும்பும் அவர்களது முயற்சி பாராட்டுக்குரியது. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என வியாபாரியைக் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். இலை எண்ணெய் விற்பது குற்றமன்று. அது நல்ல பொருள். அதன்மேல் பட்டையின் படத்தை ஒட்டி விற்பதுதான் ஈரத்தை அடியில் மறைப்பதாகும். இலை எண்ணெயாயின் இலை எண்ணெய் என்றே எழுதுங்கள். வேறு எண்ணெய் கலந்திருந்தால் அதன் பெயரையும் அளவையும் எழுதுங்கள்.

நல்ல பொருள் என்றேன். எதற்கு நல்லது? பட்டை எண்ணெய் இனிப்புப் பண்டங்கள், சூயிங்கம், பானங்கள், வாய்கொப்பளிக்கும் திரவங்கள் ஆகியவற்றில் மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படுகின்றது. இலை எண்ணெய் சவர்க்காரம், வாசனைத் திரவியம், உடல்வலிக்கான தைலங்கள் முதலியவற்றின் உற்பத்திக்குச் செல்கின்றது. யூஜினோலுக்கு மரத்துப்போகச் செய்யும் தன்மை உண்டு. பல் வைத்தியர்கள் துத்தநாக ஒட்சைட்டுடன் யூஜினோலைக் குழைத்துத் தற்காலிகமாகப் பற்குழியை அடைப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அந்த அறையின் மணமே யூஜினோலின் மணம்தான். ஒரு காலத்தில் செயற்கை வனிலா மணப்பொருளும் யூஜினோலிலிருந்து தயாரிக்கப்பட்டது. இரண்டு எண்ணெய்களுமே ஆய்வுகூடத்தில் பல பக்டீரியாக்களினதும் பூஞ்சணங்களினதும் வளர்ச்சியைத் தடுக்கின்றன என்பதும் உண்மை.

இங்கேதான் நிதானம் தேவைப்படுகின்றது. ஆய்வுகூடத் தட்டில் கிருமியைக் கொல்லும் பொருள் அனைத்தும் மனித உடலினுள் மருந்தாகி விடுவதில்லை. சவர்க்காரமும் கிருமியைக் கொல்கின்றது, அதனை நாம் அருந்துவதில்லை. 2004இல் தாய்வானில் நடந்த ஓர் ஆய்வு, அங்கு வளரும் வேறொரு கறுவா இனத்தின் இலை எண்ணெய் டெங்கு பரப்பும் நுளம்பின் குடம்பிகளைக் கொல்வதாகக் காட்டியது. நம் நாட்டுக்கு அது மகிழ்ச்சியான செய்தியே. ஆனால் அதனை வாசித்துவிட்டுக் குடிநீர்த் தாங்கியில் எண்ணெயை ஊற்றலாகாது. நீர் தேங்கும் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பதே இன்னமும் சிறந்த வழி.

நீரிழிவு பற்றிய கதைதான் மிகுதியாகப் பரவியுள்ளது. அதன் மூலத்தைப் பார்ப்போம். 2003இல் பாகிஸ்தானில் 60 நோயாளர்களுக்கு 40 நாட்கள் கறுவாத் தூள் கொடுத்து நடத்தப்பட்ட ஆய்வில் இரத்தச் சீனி குறைந்ததாக அறிவிக்கப்பட்டது. அவர்கள் கொடுத்தது தூள், எண்ணெய் அன்று. அதுவும் காசியாத் தூள், நமது கறுவா அன்று. அதன் பின் வந்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. 2012இல் அவற்றையெல்லாம் ஒன்றுதிரட்டிப் பரிசீலித்த கொக்ரேன் மீளாய்வு, நீரிழிவுக்குக் கறுவாவைச் சிபாரிசு செய்யப் போதிய சான்று இல்லை என்றே கூறியது. மேலும், காசியாவில் 'கூமரின்' என்ற பொருள் கூடுதலாக உண்டு. அதனை அளவு மீறி நாள்தோறும் உட்கொண்டால் சிலரது ஈரல் பாதிப்படையலாம் என 2006இல் ஜேர்மனிய அரச நிறுவனம் எச்சரித்தது. நமது கறுவாவில் அது மிக அற்பமே. சீனி நோயுள்ள வாப்பா, வைத்தியர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வெந்நீரில் கறுவா எண்ணெய் விட்டுக் குடிக்கத் தொடங்கினால், பிள்ளைகளே, அவரோடு கனிவாகப் பேசுங்கள். மாத்திரையை நிறுத்துவதன் விளைவு கண்ணிலும் சிறுநீரகத்திலும் காலிலும் தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

தேனைப் பற்றியும் கருஞ்சீரகத்தைப் பற்றியும் புகாரியில் ஹதீஸ்கள் வந்துள்ளன. அதனைக் கொண்டு கடையிலுள்ள எல்லாப் போத்தல்களுக்கும் 'நபிவழி மருத்துவம்' என்ற சுட்டியை ஒட்டுவோர் இருக்கின்றனர். மார்க்கத்தின் பெயரில் பொருளை விற்க முன்னர், அப்பொருளுக்கு மார்க்கத்தில் ஆதாரம் உண்டா எனக் கேட்பது வாங்குபவரின் உரிமை.

பெற்றோரே, இனி வருவதைச் சற்று ஊன்றி வாசியுங்கள். 1989இல் ஓர் அமெரிக்க மருத்துவ ஏடு, ஏழரை வயதுச் சிறுவன் ஒருவன் நண்பர் விடுத்த சவாலுக்காக ஏறத்தாழ 60 மில்லிலீற்றர் கறுவா எண்ணெயைக் குடித்த சம்பவத்தை வெளியிட்டது. வாய், நெஞ்சு, வயிறு எங்கும் எரிவு, தலைச்சுற்று, இரட்டைப் பார்வை, வாந்தி, ஈற்றில் மயங்கி விழுதல் என அது தொடர்ந்தது. 1993இல் பிரித்தானியச் சிறுவர் மருத்துவ ஏடொன்று இரண்டு வயதுக் குழந்தையின் கதையைக் கூறியது. அக்குழந்தை குடித்தது கராம்பு எண்ணெய், 5 முதல் 10 மில்லிலீற்றர் வரை மாத்திரமே. நினைவிழப்பு, வலிப்பு, இரத்தம் உறையாமை, ஈரல் பாதிப்பு என மரணத்தின் விளிம்புவரை சென்று அது மீண்டது. கராம்பு எண்ணெயின் பிரதான பொருள்தானே கறுவா இலை எண்ணெயிலும் இருப்பது? ஆகவே இலை எண்ணெய் வைத்திருப்போர் இரண்டாவது சம்பவத்தைத் தமது வீட்டுக்குரிய எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும். பல் முளைக்கும் குழந்தையின் முரசில் கறுவா எண்ணெயோ கராம்பு எண்ணெயோ பூசுவதை அறவே தவிர்த்து விடுங்கள். பெரியவரின் பல்வலிக்கும் அது சிறிது நேரம் மரத்துப்போகச் செய்யுமே ஒழிய, குழியை மூடாது.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பற்குச்சியைக் கறுவா எண்ணெயில் தோய்த்துச் சப்பி அந்தச் சூட்டை அனுபவிக்கும் விளையாட்டு அமெரிக்க மாணவரிடையே பரவி, நச்சுத் தகவல் நிலையம் வரை சென்றதை 1990இல் மருத்துவர்கள் எழுதினர். முகம் சிவத்தல், வாய் எரிதல், புண்ணாதல் என்பன அதன் பலன்கள். சவால் விடும் காணொளிகள் கைக்குள்ளேயே வந்துசேரும் இக்காலத்தில் இதனை அறிந்து வைத்திருப்பது நல்லது.

தோலைப் பொறுத்தவரை, சின்னமல்டிஹைட் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கவல்லது. 2005 முதல் ஐரோப்பாவில் அழகுசாதனப் பொருட்களில் குறித்த அளவுக்கு மேல் இருந்தால் சுட்டியில் கட்டாயம் பெயர் குறிப்பிட வேண்டிய 26 வாசனைப் பொருட்களுள் அதுவும் யூஜினோலும் அடங்கின. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடரும். 1985இல் பதிவான ஒரு சம்பவத்தில், 11 வயதுச் சிறுவனின் காற்சட்டைப் பையிலிருந்த சிறு குப்பியிலிருந்து எண்ணெய் சிந்தி, அது இரண்டு நாட்கள் தோலோடு இருந்ததில் தீக்காயம்போல் கொப்புளித்து விட்டது. தோலில் பூசுவதற்கான அளவை இத்துறை நிபுணர்கள் மிகக் கண்டிப்பாக வகுத்துள்ளனர். இலை எண்ணெயாயின் 100 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெயில் பத்துத் துளி. பட்டை எண்ணெயாயின் அதே 100 மில்லிலீற்றரில் ஒரு துளிக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். பட்டை எண்ணெயைத் தோலில் பூசாமலே விடுவது இன்னும் மேல். சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்போர் ஆகியோருக்கு வைத்தியரின் ஆலோசனையின்றி இரண்டுமே வேண்டாம். வீட்டில் பூனை வளர்ப்போர் அதற்கும் இதனைத் தடவ வேண்டாம். யூஜினோல் போன்ற பொருட்களை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு.

வைக்கும் முறையும் முக்கியமானது. கருநிறக் கண்ணாடிப் போத்தலே உகந்தது. பிளாஸ்டிக்கில் சில வகைகளை இவ்வெண்ணெய் அரித்துவிடும். இரும்பு பட்டால் இலை எண்ணெய் கறுத்துப்போகும். காலியான கண்மருந்து, காதுமருந்துக் குப்பிகளில் இதனை ஊற்றி வைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் காது வலிக்கும் பிள்ளைக்குக் குப்பியை எடுக்கும் தாய்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு எண்ணெய் சுவாசப்பைக்குள் இறங்கினால் நிலைமை மேலும் மோசமாகும். பால், தேங்காய் எண்ணெய் எதுவும் புகட்ட வேண்டாம். வாயில் எஞ்சியதைத் துணியால் துடைத்து விடுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் நீண்ட நேரம் கழுவுங்கள். தோலில் பட்டால் உடையைக் களைந்து சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் இலவசமாக வரும். போகும்போது அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை குடித்தது இலை எண்ணெயா, பட்டை எண்ணெயா, எவ்வளவு குறைந்திருக்கின்றது என்பதே வைத்தியர் கேட்கும் முதற் கேள்விகளாக இருக்கும்.